ஞாயிறுதோறும் வேறோர் ஊர்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் அணிவகுப்பு இசைக் குழுக்களோடு கோடை முழுவதும் ஊர் ஊராகச் செல்லும் கத்தோலிக்கப் பிள்ளைகளின் ஞாயிறு திருப்பலி (பூசை) வழிபாட்டைப் பற்றிச் சில கடிதங்கள் அடுத்தடுத்து வந்துள்ளன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு, என் மகனுக்கு 19 வயது. நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன். பத்து வயது முதல் எங்கள் பங்கில் பீடச் சிறுவனாக இருந்தவன். உயர்நிலைப் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசித்த அவனுக்கு இப்போது ஒரு டிரம் கோர் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. மே மாதக் கடைசியில் புறப்பட்டால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம்தான் வீடு திரும்புவான். சென்ற ஆண்டு வேறொரு குழுவோடு போய் வந்த அவன் நண்பன், அந்தப் பயணம் முழுவதிலும் இரண்டே இரண்டு ஞாயிறுகளில்தான் திருப்பலிக்குப் போக முடிந்தது என்கிறான். நாகர்கோவிலில் இருக்கும் என் மாமனார், "வாத்தியம் வாசிக்கப் பூசையை விடுவது சாவான பாவம், அனுப்பாதே" என்று தொலைபேசியில் கண்டித்துச் சொல்லிவிட்டார். என் கணவரோ வாயே திறக்கவில்லை. நான் அனுப்பலாமா?
– ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: அன்புச் சகோதரி, அனுப்புங்கள். ஆனால் உங்கள் மாமனார் சொன்னதை முதியவரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஞாயிறு திருப்பலியில் பங்கேற்பது கடமை என்று திருச்சபைச் சட்டம் 1247 தெளிவாகச் சொல்கிறது. தகுந்த காரணமின்றி வேண்டுமென்றே அதை விடுவது கனமான பாவம் என்பதும் மறைக்கல்வியின் போதனையே. அவர் சிறுவயதில் படித்த ஞானோபதேசத்தில் இதுதான் இருந்தது; இன்றும் இதுதான் இருக்கிறது. அவர் விட்டுவிட்டது, அதே சட்டத் தொகுப்பில் அடுத்தடுத்து வரும் சில வரிகளை மட்டுமே.

டிரம் கோர் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். இது பள்ளி பேண்டு அன்று. பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடியும் நடனமும் கொண்ட கலர் கார்டு என்னும் அணி ஆகியவை சேர்ந்த, 22 வயது நிரம்பாத இளையோரின் குழு. டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் கீழ் இவர்கள் போட்டியிடுகிறார்கள். அதன் முதல் இறுதிப் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் என்ற சிற்றூரில் நடந்தது. முதல் நான்கைந்து வாரங்கள் ஒரே இடத்தில் தங்கிப் பயிற்சி. பிறகு ஆகஸ்ட் வரை ஒவ்வொரு நாளும் ஓர் ஊர். பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை, மாலையில் விளையாட்டு அரங்கில் நிகழ்ச்சி, நள்ளிரவில் பேருந்து, விடியற்காலையில் முன்பின் தெரியாத ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் சில மணி நேரத் தூக்கம். இந்தத் தூக்கத்தைத்தான் அவர்கள் 'ஃப்ளோர் டைம்' என்கிறார்கள். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் இதற்குத் திரும்ப வருவேன்.

உங்கள் மாமனாருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். இந்தக் குழுக்களில் பல, கோயில் முற்றங்களில் பிறந்தவை. உங்கள் மாநிலத்திலேயே கார்ஃபீல்ட் நகரில் 1934-இல் 'ஹோலி நேம் கேடட்ஸ்' என்ற பெயரில் ஒரு பங்கின் பிள்ளைகள் தொடங்கிய குழுதான் பிற்காலத்தில் 'தி கேடட்ஸ்' என்று நாடறியப் புகழ்பெற்று, 2024-இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. இன்றும் முன்னணியில் இருக்கும் பாஸ்டன் குருசேடர்ஸ் குழு 1940-இல் திரு இரத்தப் பங்கு ஒன்றில் உருவானது. நூவர்க் நகரின் திவ்விய நற்கருணைப் பங்குக்கும் பெயர்பெற்ற ஒரு குழு இருந்தது. 1930-இல் சிகாகோவில் ஆயர் பெர்னார்டு ஷீல் தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் அமைப்பு பல மறைமாவட்டங்களில் வேரூன்றி, இத்தகைய குழுக்களுக்குப் போட்டிகளை நடத்தியது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஞாயிறு காலை பூசை முடிந்த பிறகுதான் டிரம்மைக் கையில் எடுத்திருப்பார்கள். குழுக்கள் பங்குகளை விட்டு விலகித் தனி நிறுவனங்களாகி, மாநிலம் விட்டு மாநிலம் செல்லத் தொடங்கிய பின்னரே இன்றைய சிக்கல் வந்தது. (நம் ஊர்த் திருவிழாக்களில் மட்டும் என்ன வாழ்கிறது? தேர்ப் பவனிக்கு வாசிக்கும் பேண்டு குழுவினர், உள்ளே திருவிழாத் திருப்பலி நடக்கும்போது வெளியே மரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களை உள்ளே அழைக்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.)

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் 1248-இன்படி, எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் நிறைவேற்றப்படும் திருப்பலியிலும், ஞாயிறன்றோ அதற்கு முந்திய மாலையிலோ பங்கேற்றால் கடமை நிறைவேறுகிறது. எனவே டெக்ஸாஸில் ஒரு சிற்றூரில் ஞாயிறு மாலை ஸ்பானிய மொழியில் நடக்கும் திருப்பலியும் போதும். சிகாகோ பக்கம் மலையாளத்தில் நடக்கும் சீரோ மலபார் திருப்பலியும் போதும். மொழி புரியவில்லை என்பது ஒரு பொருட்டன்று. அதே சட்டத்தின் இரண்டாம் பத்தி, குரு இல்லாமையாலோ வேறு கனமான காரணத்தாலோ திருப்பலியில் பங்கேற்க இயலாமற்போனால், தனியாகவோ குடும்பமாகவோ குழுவாகவோ தகுந்த நேரம் செபத்தில் செலவிடுமாறு பெரிதும் பரிந்துரைக்கிறது. உண்மையிலேயே இயலாமற்போன ஞாயிறு பாவமாகாது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

உங்கள் மாமனாரின் கேள்வி இதற்கும் ஒரு படி மேலே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நோயாளி நோயைத் தேடிப் போகவில்லை. இந்தப் பிள்ளையோ பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்டி, திருப்பலிக்குப் போக முடியாத நிலையைத் தானே தேடிக்கொள்கிறான், அவனுக்கு எப்படி விலக்கு உண்டு என்பதே அவர் கேட்பது. நேர்மையான கேள்வி. என் விடை இது: நல்லதொரு நோக்கத்துக்காகச் செய்யும் பயணத்தில் ஒரு சில ஞாயிறுகள் தவறுவதும், ஞாயிறைப் பற்றிய எண்ணமே இல்லாமல் மூன்று மாதங்களைக் கழித்துவிட்டுப் பிறகு 'முடியவில்லை' என்பதும் ஒன்றாகா. கேட்டும் தேடியும் பார்க்காதவன் 'இயலாது' என்று சொல்லக் கூடாது. அவன் நண்பனுக்கு இரண்டு ஞாயிறுகள்தான் கிடைத்தன என்கிறீர்கள். எத்தனை முறை கேட்டான் என்று விசாரித்துப் பாருங்கள்.

மேலும், சட்டம் 1245-இன்படி, நியாயமான காரணம் இருந்தால், ஆயரின் வழிகாட்டல்களுக்கு உட்பட்டு, ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றின் கடமையிலிருந்து விலக்கு அளிக்கவோ, அதற்கு மாற்றாக வேறொரு பக்தி முயற்சியைக் குறிக்கவோ பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. தம் பங்கு மக்கள் வெளியூரில் இருக்கும்போதும் அவர் இதைச் செய்யலாம். ஆகவே புறப்படுவதற்கு முன் உங்கள் மகன், நீங்களன்று, அவனே, பங்குத்தந்தையிடம் பயண அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். 19 வயதுப் பிள்ளைக்காகத் தாய் போய் நிற்பது அழகன்று.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மே கடைசி முதல் ஆகஸ்ட் இரண்டாம் சனி வரை ஏறத்தாழ 11 ஞாயிறுகள் வரும். அவற்றில் முதல் நான்கு ஒரே ஊரில் பயிற்சிக் காலத்தில் கழிகின்றன; அந்த ஊர் எது என்பது முன்னதாகவே தெரிந்துவிடும். அங்குள்ள பங்கு அலுவலகத்துக்கு இப்போதே தொலைபேசியில் பேசலாம். கல்லூரி வளாகமாக இருந்தால் பக்கத்தில் மாணவர்களுக்கான கத்தோலிக்க மையம் இருக்கக்கூடும். அத்தகைய இடங்களில் ஞாயிறு இரவுத் திருப்பலியும் பல வேளைகளில் உண்டு. இந்த நான்கையும் தவறவிட்டால் அதற்குச் சாக்கு ஏதுமில்லை.

எஞ்சிய ஏழும்தான் கடினமானவை. சனி மாலைத் திருப்பலி பெரும்பாலும் கைகூடாது. பெரிய போட்டிகள் சனிக்கிழமைகளிலேயே நடக்கின்றன, மாலை 5 மணிக்கு அவன் சீருடையில் இருப்பான். ஞாயிறு காலைத் திருப்பலியோ ஃப்ளோர் டைமுக்குள் விழும். ஆறு மணிக்கு வந்து படுத்தவன் எட்டு மணிப் பூசைக்கு எழுந்தால் அன்றைய ஒத்திகையை அரைத் தூக்கத்தோடுதான் செய்ய வேண்டும். ஒரு தடவை, இரண்டு தடவை செய்யட்டும். இளம் உடல் தாங்கும். ஆனால் ஜூலை மாத வெயிலில் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளை வாரந்தோறும் தூங்காமல் மயங்கி விழ வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. அப்படிப்பட்ட வாரத்தில் மாலைத் திருப்பலி ஏதும் எட்டும் தொலைவில் இல்லையென்றால், அதுவே கனமான காரணம் என்பது என் கருத்து.

கோடைப் பயணத்துக்கு முன் நடக்கும் குளிர்கால முகாம்களிலேயே அவன் பயண மேலாளரிடம் பேசிவிட வேண்டும். ஜூலை மாதம் ஒரு சனி இரவு பேருந்தில் வைத்துக் கேட்டால் எந்த மேலாளரும் கையை விரிப்பார்; ஜனவரியில் கேட்டால், எந்த ஞாயிறு ஓய்வு நாள், எந்த ஞாயிறு ஒத்திகை தாமதமாகத் தொடங்கும் என்று அவரே பார்த்துச் சொல்லக்கூடும். அமெரிக்கரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கர். 150 பேருக்குக் குறையாத ஒரு குழுவில் உங்கள் மகன் ஒருவனே கத்தோலிக்கன் என்பது நடவாத காரியம். சமையல் வண்டியில் உதவிக்கு வரும் பெற்றோரிலும், பேருந்து ஓட்டுநரிலும்கூட ஒருவர் இருக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், அருகிலுள்ள பங்கின் குருவே பள்ளிக்கு வந்து, உணவுக்கூட மேசையின்மேல் துணியும் திருமேனித் துகிலும் விரித்துத் திருப்பலி நிறைவேற்றலாம். தேவை ஏற்படும்போது கோயிலுக்கு வெளியே தகுந்த இடத்தில் நிறைவேற்றச் சட்டம் 932 இடம் தருகிறது. அவருக்கும் அன்று மூன்று பூசை இருக்கும் என்பதை மறவாமல், சில வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

ஒத்திகையிலிருந்து நேரே கோயிலுக்கு ஓடுகிறவனுக்கு ஒரு குறிப்பு. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் என்பது திருப்பலி தொடங்குவதற்கு முன் என்பதன்று, நற்கருணை உட்கொள்வதற்கு முன் என்பதே. தண்ணீரும் மருந்தும் எப்போதும் ஆகும். அவர்கள் கையோடு வைத்திருக்கும் பெரிய தண்ணீர்க் குடுவையைப் பற்றி அஞ்ச வேண்டாம்; ஆனால் உப்பும் சர்க்கரையும் கலந்த விளையாட்டுப் பானங்கள் தண்ணீர் ஆகா. உடைக்காக ஒரு நல்ல சட்டையும் முழுக்கால் சட்டையும் தனியாகப் பையில் இருக்கட்டும். அதுவும் கசங்கிப்போனால் கசங்கிய சட்டையோடே போகட்டும், கடைசி வரிசையில் உட்காரட்டும்.

இறுதிப் போட்டி 2009 முதல் இண்டியானாபொலிஸ் நகரின் லூக்காஸ் ஆயில் அரங்கில் நடந்து வருகிறது. பார்க்கப் போவீர்கள் அல்லவா? அரங்கிலிருந்து நடந்தே போகும் தொலைவில், மாநாட்டு மையத்துக்கு எதிரே, புனித யோவான் நற்செய்தியாளர் ஆலயம் இருக்கிறது. 2024 ஜூலையில் அமெரிக்கத் தேசிய நற்கருணை மாநாடு கூடியதும் அதே அரங்கில்தான். ஆயிரக்கணக்கானோர் நற்கருணை முன் முழந்தாளிட்ட அந்தத் தளத்தில், மூன்று வாரம் கழித்து டிரம் கோர் பிள்ளைகள் அணிவகுத்தார்கள். போட்டி முடிந்த மறுநாள் ஞாயிறு காலை மகனை அந்த ஆலயத்துக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். மாமனாரும் அப்போது அமெரிக்கா வந்திருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நான் டெக்ஸாஸில் பொறியியல் படிக்கும் மாணவன், குழுவில் ஸ்னேர் டிரம் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் சிலர் ஞாயிறு காலை உணவுக்கு முன் வேதாகமம் வாசித்து, பாடி, செபிக்கிறார்கள். அன்பான நண்பர்கள். அதில் கலந்துகொண்டால் ஞாயிறு கடமை நிறைவேறுமா? இன்னொன்று, எல்லாரும் உறங்கும்போது நான் மட்டும் கோயிலுக்குப் போவதை, "பெரிய பக்திமான்" என்று கிண்டல் செய்வார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: தம்பி, நிறைவேறாது. கடமை திருப்பலியைப் பற்றியது. செபக் கூட்டம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் திருப்பலிக்கு ஈடாகாது. ஆனால் திருப்பலி உண்மையிலேயே கிடைக்காத ஞாயிறுகளில், அந்த நண்பர்களோடு அமர்ந்து அன்றைய வாசகங்களைப் படிப்பது, நான் மேலே சொன்ன இரண்டாம் பத்தியின் உள்ளத்துக்கு இசைந்ததே. கத்தோலிக்க நாள்காட்டியின்படி அன்றைக்கு உரிய வாசகங்களை நீயே எடுத்துக்கொடு. அவர்கள் மறுக்கப் போவதில்லை. அவர்கள் அப்பமும் திராட்சை இரசமும் பகிர்வதாக இருந்தால் அதை மட்டும் வாங்காதே. ஏன் என்று கேட்டால் பணிவாகச் சொல். விவாதத்துக்கு இழுத்தால் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடலாம், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

கூச்சத்தைப் பற்றி: நீ இருப்பது, காலை எட்டு மணிக்கு மெட்ரோனோம் ஒலிக்க ஒரே அடியை நூறு முறை அடித்துப் பழகும் கூட்டத்தில். ஒழுங்காக ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறவனை அந்தக் கூட்டம் கேலி செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் வாரம் ஏதாவது சொல்வார்கள். மூன்றாம் வாரம் யாராவது ஒருவர், "எத்தனை மணிக்குப் புறப்படுகிறாய்? நானும் வரலாமா?" என்று கேட்பார். இது ஊகம் அன்று. நான் ஒரு பங்கில் பணியாற்றியபோது, இத்தகைய குழுவொன்றின் நான்கு சிறுவர்கள் முழங்கால் வரை புழுதியோடு பின்வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களில் இருவர் தாங்கள் கத்தோலிக்கர் அல்லர் என்று பிறகு சொன்னார்கள்.

கேள்வி: பேருந்தில் போகும்போது கைப்பேசியில் நேரலைத் திருப்பலி பார்த்தால் போதாதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: போதாது. செபமாகக் கருதிப் பார்க்கலாம். கடமை நிறைவேறியதாகக் கொள்ளலாகாது. பேருந்தில் ஜெபமாலை சொல்வது இதைவிட எளிது, மின்னேற்றியும் வேண்டியதில்லை.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, கலர் கார்டில் இருக்கிறாள். குளிர்கால முகாம்கள் வெள்ளி மாலைதோறும் தொடங்குகின்றன. தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி பரிமாறினால் என்ன செய்வது? கோடையில் உள்ளூர்ப் பங்கு மக்கள் யாராவது தங்கள் காரில் திருப்பலிக்கு அழைத்துச் செல்ல முன்வந்தால் அனுப்பலாமா?
– ஒரு தந்தை, இல்லினாய்

பதில்: 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் உண்டு, ஆகவே தவக்கால வெள்ளிகளில் அவள் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். ஒருசந்தி, அதாவது உணவைக் குறைக்கும் நோன்பு, அவளுக்கு இன்னும் இல்லை. 18 முடிந்தபின் திருநீற்றுப் புதனுக்கும் புனித வெள்ளிக்கும் அது வரும். சைவ உணவு உண்போர் இருக்கும் குழுக்களில் சமையலறை அதற்கெனத் தனியாகச் செய்வதுண்டு. முகாமுக்கு முந்திய வாரமே சொல்லி வைத்தால் ஒரு தட்டு கூடும், அவ்வளவுதான். கோடைப் பயணத்து வெள்ளிகளில் அமெரிக்காவில் இறைச்சி விலக்கு கட்டாயம் அன்று. 1966 முதல் அங்குள்ள ஆயர்கள், வெள்ளியின் தவ உணர்வைக் காத்து, வேறு தவமுயற்சிகளையும் மேற்கொள்ள வழி விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் கொடி சுழற்றும் பெண், வெள்ளியன்று முணுமுணுக்காமல் சுழற்றினால் அதையே நான் தவமாக ஏற்பேன்.

கார் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். அழைக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், 18 வயது நிரம்பாத பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள். குழுவின் விதிகள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை. மறைமாவட்டங்களிலும் சிறார் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. நீங்கள் எழுத்தில் ஒப்புதல் கொடுத்து, குழுவின் பொறுப்பாளர் ஒருவரோ உதவிக்கு வந்த பெற்றோரோ உடன் செல்ல, குறைந்தது இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்து போகட்டும். அப்படி ஏற்பாடு செய்ய முடியாத ஞாயிறை நான் முழு மனத்தோடு விலக்கு என்றே கொள்வேன். அதைக் குறித்து நீங்களும் அவளும் உறுத்தல் கொள்ள வேண்டாம்.

கேள்வி: பயணக் காலத்தில், ஞாயிறைப் போலவே திருப்பலி கடமையான கடன் திருநாள்கள் ஏதும் வருமா?
– அதே தந்தை

பதில்: ஆண்டவரின் விண்ணேற்றம் மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ வரும். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் அது ஞாயிறுக்கு மாற்றப்பட்டுவிட்டது. நியூயார்க், பாஸ்டன் முதலிய சில உயர்மறைமாவட்டங்களைச் சார்ந்த பகுதிகளில் மட்டும் வியாழனன்றே கொண்டாடுகிறார்கள். பயிற்சி முகாம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்னையின் விண்ணேற்புத் திருநாள் சிக்கல் தராது: இறுதிப் போட்டி ஆகஸ்ட் இரண்டாம் சனியன்று நடக்கிறது, இரண்டாம் சனி 14-ஆம் தேதிக்குப் பின்னால் வரவே முடியாது, திருநாளோ 15-ஆம் தேதி. அதற்குள் மகள் வீட்டுக்கு வந்து, துணிகளைத் துவைக்கப் போட்டுவிட்டு, உறங்கிக்கொண்டிருப்பாள்; மாலைத் திருப்பலிக்கு எழுப்பினால் போதும்.